கூடமும் கோணலாக இருக்கலாம்

இலக்கியம் பேசும் இடத்தில் கோல்ஃப் மட்டைக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். தமிழ் முதுகலை படித்து, கல்லூரியில் யாப்பும் அணியும் நடத்திக்கொண்டிருக்கும் ஒருவன் நாற்பத்தைந்தாம் வயதில் கோல்ஃப் ஆடப் புறப்பட்டதே வேடிக்கை. அதைப் பற்றி எழுதவும் செய்வது அதனினும் வேடிக்கை. ஆனால் என்னை எழுதத் தூண்டியது விளையாட்டு அன்று, ஒரு பழமொழி. ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.’ இந்தப் பழமொழியை என் வாழ்நாளில் எத்தனை மாணவர்கள்மீது எறிந்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. சென்ற ஆண்டு அது என்மீது எறியப்பட்டது. அப்போதுதான், கூடத்தை யாராவது அளந்து பார்த்தார்களா என்ற கேள்வி எனக்குப் பிறந்தது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருத்துவர் நடக்கச் சொன்னார். வெறுமனே நடக்க மனம் ஒப்பவில்லை. உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள பயிற்சித் திடலுக்கு அழைத்துச் சென்றார். ஒரு பந்து தற்செயலாகச் சரியாகப் பட்டுப் பறந்தது. அந்த ஒற்றைப் பந்தின் மயக்கத்தில், அடுத்த வாரமே நகரத்துக் கடையொன்றில் ‘தொடக்கநிலையாளர் தொகுப்பு’ என்று எழுதப்பட்ட பெட்டியை, பன்னிரண்டு மட்டைகளும் ஒரு பையுமாக, வாங்கி வந்துவிட்டேன். கடைக்காரர் என் பெயரைக் கேட்டார், பணம் செலுத்தும் முறையைக் கேட்டார், உயரத்தைக் கேட்கவில்லை. நான் 5 அடி 3 அங்குலம். சட்டை தைக்கப் போனால் தையற்காரர் கழுத்து, தோள், கை, மார்பு என்று நான்கு முறை நாடாவைச் சுற்றுகிறார். சட்டையைப்போல் பல மடங்கு விலையுள்ள பொருளுக்கு நாடாவே வெளிவரவில்லை.

ஆறு மாதம் பந்து இடப்பக்கமே போயிற்று. பயிற்சியாளரிடம், ‘மட்டை எனக்குச் சற்று நீளமாக இருக்கிறதோ?’ என்று தயங்கிக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அந்தப் பழமொழியைச் சொன்னார். தமிழாசிரியனுக்கே தமிழ்ப் பழமொழி. சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

விடையைச் சொன்னவர் வேறொருவர். ஆடுபவரின் மட்டைப்பையைச் சுமந்து உடன் நடப்பவரை, ஆங்கிலேயர் விட்டுச்சென்ற பெயரால், இன்றும் ‘கேடி’ என்றே அழைக்கிறார்கள். காவல்துறை ஏட்டிலிருந்து தமிழர் நாவுக்கு வந்த ‘கேடி’ என்ன பொருள் தருமென்று நான் விளக்க வேண்டியதில்லை. நாற்பது ஆண்டுக்காலம் பிறர் மட்டைகளைச் சுமந்த அம்மனிதரை நான் பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன். அவர் என் முகத்தையோ கையையோ பார்க்கவில்லை. நான் அடித்த இடத்தில் பெயர்ந்திருந்த புல்லைப் பார்த்தார். ‘சார், மட்டையோட குதிகால்தான் மண்ணைத் தோண்டுது. நுனி தரையில படவே இல்லை. ஒரு இஞ்ச் கீழே இறக்கிப் பிடிச்சு அடிச்சுப் பாருங்க’ என்றார். அடித்தேன். பந்து நேராகப் போயிற்று. நூறு விழுக்காடு நேர் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு மாதமாகப் போன பக்கம் போகவில்லை.

இதில் மாயம் ஒன்றுமில்லை. மட்டையின் தலை தரையில் முழுமையாகப் படிந்திருக்கும்போது தண்டு தரையோடு ஒரு கோணத்தை உண்டாக்குகிறது. ‘லை’ என்பார்கள்; கிடைக்கோணம் என்று வைத்துக்கொள்வோம். குள்ளமானவர் நீளமான மட்டையைப் பிடித்தால் கை தாழ்ந்திருக்கும், தண்டு படுத்துக்கொள்ளும், தலையின் நுனி மேலே தூக்கிக்கொள்ளும். நுனி தூக்கிய முகம், வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்தை இடப்பக்கம் அனுப்பும். உயரமானவருக்குக் குட்டை மட்டை கொடுத்தால் நுனி புதையும். பந்து வலப்பக்கம் போகும். முகச்சாய்வு மிகுந்த மட்டைகளில் இந்தப் பிழை இன்னும் கூடுதலாகத் தெரியும். இது வடிவியல். திறமைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இந்த அறிவு புதியதும் அன்று. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் பொறியாளராகப் பணியாற்றிய கார்ஸ்டன் சோல்ஹைம் தொடங்கிய பிங் நிறுவனம், ஆட்டக்காரரின் உயரத்தையும் மணிக்கட்டிலிருந்து தரைவரையுள்ள தொலைவையும் கொண்டு கிடைக்கோணத்தைத் தீர்மானித்து, அதை மட்டைத் தலையில் நிறப்புள்ளியாகக் குறிக்கும் முறையை 1970களிலேயே கொண்டுவந்துவிட்டது. அரை நூற்றாண்டு கழிந்தபின்னும் நம்மூர்த் தொடக்கநிலையாளனிடம் ‘ஒரே அளவு எல்லார்க்கும் பொருந்தும்’ என்று பெட்டி விற்கப்படுகிறது. இங்குதான் என் சண்டை தொடங்குகிறது. இரு தரப்போடும் சண்டை.

முதல் தரப்பினர் வைராக்கியவாதிகள். ‘முதலில் ஆடக் கற்றுக்கொள், பிறகு அளவெடுத்துக்கொள்ளலாம், தொடக்கத்தில் எந்த மட்டையாயினும் போதும்’ என்பது அவர்கள் கட்சி. கேட்பதற்கு அடக்கமும் தவமும் கலந்த அறிவுரைபோல் தோன்றும். எண்ணிப் பார்த்தால் இது தலைகீழ் நியாயம். தேர்ந்த ஆட்டக்காரன் பொருந்தாத மட்டையைக் கையிலெடுத்தால் உடனே அறிந்துகொள்வான். தொடக்கநிலையாளனுக்கு அந்த உணர்வு இல்லை. அவன் உடல் பேசாமல் மட்டைக்கு வளைந்துகொடுக்கும். முதுகை நிமிர்த்துவான், கையை உள்ளிழுப்பான், மணிக்கட்டைத் திருகுவான். கருவியின் கோணல் ஆறே மாதத்தில் உடலின் பழக்கமாகிவிடும். பிறகு அளவான மட்டை கிடைத்தாலும் பழைய திருகல் போகாது. ஆகவே, பொருத்தம் பார்க்க வேண்டிய தேவை கற்றவனைவிடக் கற்பவனுக்கே மிகுதி.

இவர்கள் கையில் எப்போதும் சில பெயர்கள் இருக்கும். ஸ்பெயின் நாட்டு செவி பாலஸ்டெரோஸ் ஒற்றை மூன்றாம் எண் இரும்பு மட்டையை வைத்துக்கொண்டு பெத்ரேன்யா கடற்கரை மணலில் ஆடிக் கற்றவர். 1979, 1984, 1988 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றவர். உண்மை. ஆனால் கதையின் தொடக்கத்தை இவர்கள் சொல்வதில்லை. சிறுவன் செவிக்கு முதலில் கிடைத்தது மட்டையன்று, துருப்பிடித்த மட்டைத் தலை மட்டுமே. அதில் குச்சிகளைத் தானே செருகி ஆடினான். எட்டு வயதுப் பையன் தன் கைக்கு ஒவ்வாத குச்சியைச் செருகியிருப்பானா? அவன் ஒரு மட்டையோடு ஆடினான் என்பது மெய். பொருந்தாத மட்டையோடு ஆடினான் என்பதற்கு இக்கதையில் சான்றில்லை.

அடுத்த பெயர்கள் நம் நாட்டவை. தில்லி கோல்ஃப் கிளப்பில் பை சுமந்து வளர்ந்து 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷேர். பெங்களூரில் பை சுமந்து 2009இல் அதே பட்டத்தை வென்ற முனியப்பா. ‘இவர்கள் என்ன அளவெடுத்தா வளர்ந்தார்கள்?’ என்று கேட்கிறார்கள். இந்த இருவர்மீதும் எனக்குள்ள மதிப்பு பெரிது. ஆனால் வாதம் பிழை. வென்றவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. கடன் வாங்கிய நெட்டை மட்டையோடு மல்லாடி, ‘இது நமக்கு வராது’ என்று மூலையில் சாய்த்துவிட்டுப் போன சிறுவர்களின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? கரையேறியவரைக் காட்டி ஆற்றில் ஆழமில்லை என்பதைப் போன்றது இது.

இரண்டாம் தரப்பினர் வணிகர்கள். இவர்கள் வைராக்கியவாதிகளுக்கு நேர்மாறு. முதல் நாளே திரைமுன் நிறுத்தி, ராடார் பொறியை வைத்து, பந்தின் வேகம், சுழற்சி, எழுகோணம் என்று எண்களைக் கொட்டி, பதினான்கு மட்டைகளையும் ‘உங்களுக்கென்றே’ செய்து தருகிறோம் என்பார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எதை அளக்கிறீர்கள்? தொடக்கநிலையாளனின் வீச்சு காலையில் ஒருவிதம், மாலையில் வேறுவிதம். நின்று நிலைக்காத ஒன்றைப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்வரை அளந்து, அதற்கேற்ப ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்குவது எவ்வகை நேர்மை? மூன்று மாதத்தில் வீச்சு மாறும், மட்டை மாறாது.

பதினான்கு என்ற எண்ணையும் பாருங்கள். அது 1938இல் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் 1939இல் பிரிட்டனின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் விதித்த மேல்வரம்பு. அதற்கு முன்பு சிலர் இருபதுக்கும் மேற்பட்ட மட்டைகளைச் சுமக்கவைத்தார்கள். அதைத் தடுக்கவே விதி வந்தது. கீழ்வரம்பு என்று ஒன்று விதியில் இல்லை. சுமையைக் குறைக்க வந்த விதியை, ‘பதினான்கும் இருந்தால்தான் முழுமை’ என்று விற்பனை வாசகமாக்கிவிட்டார்கள்.

எண்களின் மயக்கம் இன்னொன்று. ஏழாம் எண் இரும்பு மட்டையின் முகச்சாய்வு அரை நூற்றாண்டுக்கு முன் ஏறத்தாழ 37, 38 பாகையாக இருந்தது. இன்று தொடக்கநிலையாளருக்கென விற்கப்படும் பல தொகுப்புகளில் அது 30 பாகை அல்லது அதற்கும் கீழ். அதாவது பழைய ஐந்தாம் எண்ணைக் காட்டிலும் நிமிர்ந்த முகத்தில் ஏழு என்று பொறித்துக் கொடுக்கிறார்கள். ‘பாருங்கள், உங்கள் ஏழாம் எண் எவ்வளவு தூரம் போகிறது!’ என்று கடையில் வியக்கிறார்கள். இன்றைய தலைகள் எடையைத் தாழ்வாக வைத்துப் பந்தை எளிதில் மேலே எழுப்புகின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் எண்ணுக்குப் பொதுவான அளவுகோல் எதுவுமில்லை என்பதை வாங்குபவனுக்கு யார் சொல்வது? தண்டின் விறைப்பைக் குறிக்கும் எல், ஆர், எஸ், எக்ஸ் ஆகிய எழுத்துகளின் நிலையும் இதுவே. ஒரு நிறுவனத்தின் ஆர் இன்னொரு நிறுவனத்தின் எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கலாம். பொதுத்தரம் கிடையாது. எழுத்திலக்கணம் இல்லாத எழுத்துகள் இவை.

அப்படியானால் என்ன செய்வது? என் கட்சியை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன். உடலுக்குப் பொருத்தம் முதல் நாளே பார்க்க வேண்டும். வீச்சுக்குப் பொருத்தம் பிறகு பார்க்கலாம். உயரம், கைநீளம், உள்ளங்கையின் அகலம், எந்தக் கை என்பது ஆகியவை பயிற்சியால் மாறுவன அல்ல. வீச்சின் வேகமும் பாதையும் மாறுவன. மாறாததை அளக்காமல் விடுவது வைராக்கியவாதியின் பிழை. மாறுவதை மட்டும் அளந்து காசாக்குவது வணிகரின் பிழை.

மாறாதவற்றை அளக்க ஓர் இஞ்ச் டேப் போதும். ஆடும்போது அணியும் காலணியோடு நிமிர்ந்து நின்று, கைகளை இயல்பாகத் தொங்கவிட்டு, மணிக்கட்டின் மடிப்பிலிருந்து தரைவரை ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். உயரத்தையும் இந்த அளவையும் சேர்த்துப் பார்த்தால் நீளமும் கிடைக்கோணமும் ஓரளவு தெரிந்துவிடும். ஒரே உயரமுள்ள இருவருக்குக் கைநீளம் வேறாகலாம் என்பதால் உயரம் மட்டும் போதாது. கைப்பிடியின் பருமனுக்கு, மேற்கையால் பிடித்துப் பார்க்கும்போது நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் கட்டைவிரலின் அடிச்சதையை இலேசாகத் தொட்டால் சரி. சதைக்குள் புதைந்தால் கைப்பிடி மெலிது, எட்டாவிட்டால் தடிமன்.

கிடைக்கோணத்தைச் சரிபார்க்க என்னைப் போன்ற ஆசிரியர்களின் பையிலேயே கருவி உண்டு: வெள்ளைப்பலகையில் எழுதும் மார்க்கர். பந்தின் பின்புறத்தில் செங்குத்தாகத் தடித்த கோடொன்றை இழுத்து, கோடு மட்டை முகத்தை நோக்கும்படி வைத்து அடியுங்கள். மை முகத்தில் பதியும். பதிந்த கோடு நேராக நின்றால் பொருத்தம். அதன் மேல்முனை மட்டையின் நுனிப்பக்கம் சாய்ந்தால், மட்டை உங்களுக்கு நிமிர்ந்து நிற்கிறது. குதிகால் பக்கம் சாய்ந்தால் படுத்துக் கிடக்கிறது. ஒரு அடியை நம்பாமல் பத்து அடி அடித்துப் பாருங்கள். என் மட்டையில் பத்துக்கு எட்டு நுனிப்பக்கமே சாய்ந்தன.

பெரியவர் என் மட்டைகளைக் கைப்பிடிப் பக்கம் ஓரங்குலம் இரம்பத்தால் அறுத்து, புதிய கைப்பிடி போட்டுக் கொடுத்தார். அறுத்தால் தண்டு சற்று விறைப்பாகும், தலையின் கனம் கைக்குக் குறைவாகத் தோன்றும் என்று முன்கூட்டியே எச்சரித்து, தலையின் பின்புறம் ஈயப்பட்டையை ஒட்டினார். எந்தச் சான்றிதழும் அவரிடம் இல்லை. நூல்களில் நான் பின்னர் படித்தவை அனைத்தும் அவர் சொன்னவையே. இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவன் நான். இதைக் கண்டு வியந்திருக்கக்கூடாதுதான்.

எத்தனை மட்டை என்று கேட்பவர்களுக்கு: ஆறு போதும். பந்தைத் தொலைவுக்கு அனுப்ப ஐந்தாம் எண் மர மட்டை (பெயர்தான் மரம், இன்று எல்லாம் உலோகம்), ஒரு ஹைபிரிட், ஏழாம் எண், ஒன்பதாம் எண், மணற்குழிக்கு ஒரு வெட்ஜ், குழிக்கருகே உருட்ட ஒரு பட்டர். பிறர் பயன்படுத்தியதாயினும் குற்றமில்லை. பிறர் மட்டை உங்கள் அளவுக்குத் திருத்தப்படவில்லையென்றால்தான் குற்றம். பதினான்கு புதிய மட்டைக்குச் செலவாகும் தொகையில் சிறு பங்கு இதற்குப் போதும். மிச்சத்தைப் பயிற்சிக்குக் கொடுங்கள்.

இனி, இதை நான் எழுதியே தீர வேண்டுமென்று எண்ணவைத்த காரணத்துக்கு வருகிறேன்.

பெரியவருக்குப் பேத்தி ஒருத்தி; பதினொரு வயது. ஞாயிறுதோறும் தாத்தாவோடு திடலுக்கு வருவாள். வேலிக்கு வெளியே குச்சியால் கூழாங்கல்லை அடித்துக்கொண்டிருப்பாள். இடக்கைக்காரி. வீச்சு அத்தனை அழகு. ஒருநாள் யாரோ நல்லெண்ணத்தோடு சிறுவர் மட்டைகள் சிலவற்றைத் திடலுக்கு நன்கொடையாகக் கொடுத்தார். எல்லாம் வலக்கை மட்டைகள். சிறுமி அவற்றைப் புரட்டிப் பிடித்துப் பார்த்தாள். முகம் மறுபுறம் இருந்தது. ‘வலப்பக்கமா நின்னு அடிக்கப் பழகிக்கோம்மா, நாளடைவில் வந்துரும்’ என்றார் ஒருவர். பீச்சாங்கையால் எழுதாதே என்று பிரம்பைத் தூக்கிய என் தொடக்கப்பள்ளி ஆசிரியரின் குரலாகவே அது என் காதில் விழுந்தது. அவள் இரண்டு ஞாயிறு முயன்றாள். மூன்றாம் ஞாயிறு வரவில்லை.

இயல்பில் வலக்கையராக இருந்தும் இடப்பக்கம் நின்று ஆடி வென்றவர்கள் இருக்கிறார்கள், பில் மிக்கல்சனைப் போல. ஆகவே மறுபுறம் நின்று ஆடவே முடியாதென்று நான் சொல்லவில்லை. அது அவரவர் தேர்வாக இருக்க வேண்டும் என்கிறேன்; கையிருப்பின் கட்டாயமாக இருக்கலாகாது. இடப்பக்கம் நின்று ஆடியவர்களில் முதன்முதலில் பெரும்பட்டம் ஒன்றை வென்றவர் நியூசிலாந்தின் பாப் சார்லஸ், 1963இல். அடுத்தவர் கனடாவின் மைக் வியர், 2003இல். இடையே நாற்பது ஆண்டு. அவ்வளவு நீண்ட இடைவெளிக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் கடையிலும் கிடங்கிலும் இடக்கை மட்டை அரிதாக இருந்ததும் அவற்றுள் ஒன்று என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அச்சிறுமி வராமற்போன ஞாயிறன்று எனக்கு வேறொரு மாணவன் நினைவுக்கு வந்தான். பல ஆண்டுகளுக்கு முன், முதலாண்டு வகுப்பில், ‘ஐயா, இந்தப் பாடநூல் எனக்குப் புரியவில்லை’ என்று எழுந்து நின்று சொன்னவன். ‘ஆடத் தெரியாதவள்…’ என்று தொடங்கினேன். வகுப்பு முடித்து வைத்தது. அந்தப் பருவத்தோடு அவன் கல்லூரியை விட்டு நின்றான். அப்பாடநூலின் உரைநடை உண்மையிலேயே கோணல் என்பதை, அதை மாற்றக் கோரிப் பல்கலைக்கழகத்துக்கு நாங்களே விண்ணப்பம் எழுதியபோதுதான் ஒப்புக்கொண்டேன். அவன் முகவரி என்னிடம் இல்லை.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. மட்டை விற்கும் கடைகள் பணம் வாங்குமுன் வாங்குபவரின் உயரத்தையும் மணிக்கட்டு அளவையும் எடுக்கட்டும்; இதற்குத் தனிக்கட்டணம் கேட்பது அற்பம். உதகையிலும் கொடைக்கானலிலும் வெள்ளையர் காலத்தில் உருவான திடல்கள் தொட்டு நேற்று முளைத்தவைவரை, எல்லாத் திடல்களும் தம் கிடங்கில் சிறுவருக்கான இடக்கை மட்டைகள் சிலவற்றையேனும் வைத்திருக்கட்டும். உறுப்பினர்கள் கழித்துப்போடும் மட்டைகளை அப்படியே தூக்கிக் கொடுக்காமல், பெரியவரைப் போன்றவர்களுக்கு உரிய கூலி கொடுத்து, பெறுகிறவரின் அளவுக்கு அறுத்துத் திருத்திக் கொடுக்கட்டும். நன்கொடை என்பது நம் வீட்டுப் பரணைக் காலி செய்யும் வேலையன்று.

என் பங்குக்கு, பயன்படுத்தப்பட்ட இடக்கை ஏழாம் எண் மட்டை ஒன்றைத் தேடிப்பிடித்துப் பெரியவரிடம் கொடுத்திருக்கிறேன். பேத்தியை நிற்கவைத்து அளந்துவிட்டுத்தான் அறுப்பேன் என்கிறார் அவர். அவள் இன்னும் திடலுக்கு வரவில்லை. தேர்வு முடியட்டும் என்கிறாளாம்.

எதிர்வாதம் உள்ள நண்பர்கள் தாராளமாக எழுதலாம். எழுதுமுன் ஓர் இஞ்ச் டேப்பை எடுத்து, தம் மணிக்கட்டிலிருந்து தரைவரை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு எழுதினால் மகிழ்வேன்.